பட்டு நெய்பவர் ஏழையா?

கேள்வி: ஆரணியில் வீட்டுக்கு வீடு பட்டு நெய்கிறார்கள், அங்கே வறுமையைக் கணக்கெடுக்க என்ன இருக்கிறது?

பதில்: தறியில் ஏறியிருக்கும் பட்டு, கூலிக்கு நெய்பவருடையதன்று, பாவும் ஊடையும் சரிகையும் முதலாளி கொடுத்தவை, கைநீட்டி வாங்கிய முன்பணமோ தீராக் கடன். இந்த உண்மையை விசாரியாமல் கண்ணில் பட்ட பட்டை வைத்து ஐசுவரியத்தை அளக்கும் கணக்கு, வறுமையைத் தாண்டிப் போய்விடும். ஐப்பசி மழையில் தறிக்குழியில் நீர் ஊறி மிதிபலகை நனைந்துவிட்டால் நெசவு நின்றுபோகிறது. சேலையை அறுத்துக் கொடுத்தால்தானே கூலி? ஆகையால், எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதும் விடையை நிர்ணயிக்கிறது. 1950-இல் புள்ளியியலாளர் மகாலனோபிஸின் முயற்சியால் தோன்றிய தேசிய மாதிரி ஆய்வு, நுகர்வுச் செலவை ஆண்டு முழுவதும் பரவலாகக் கேட்பது மிக நியாயமான ஏற்பாடு. 2022-23-இல் ஒரே குடும்பத்தை மூன்று மாதங்களில் மும்முறை கண்டு விசாரித்தது அதனினும் சிலாக்கியமானது. ஆனால் 2011-12 ஆய்வுக்குப் பின் 2017-18-இல் எடுத்த கணக்கை அரசாங்கம் வெளியிடாமல் கைவிட்டதனால், இடைப்பட்ட காலத்து ஏழைகளைப் பற்றி ஊகம்தான் மிஞ்சிற்று. இதை நான் சிறிய குற்றமாக நினைக்கவில்லை. மேலும், தேசத்துக்கென்று பொறுக்கிய மாதிரி ஆரணி என்ற ஒற்றை ஊரைப் பற்றிப் பேசாது. அதற்குத் தறிவாரியாக, முன்பணப் பாக்கியையும், கூலியில்லாமல் தார் சுற்றும் பெண்களின் உழைப்பையும் சேர்த்துக் கேட்கும் தனிக் கணக்கெடுப்பே வேண்டும்.