ஒரகடம் ஒருநாள் சுற்றுலா: ஒரு பணிவான விண்ணப்பம்

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், சென்னை.

பொருள்: வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரி, ஒரகடம் சுற்றுவட்டாரத்தைப் 'பார்க்க வேண்டிய இடமாக' அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் கழகம் 1971-ல் பிறந்தது. சிப்காட் நிறுவனம் பிறந்ததும் அதே 1971-ல்தான். ஒரே அரசுக்குப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு விருந்தாளிகளை அழைக்கும் வேலை, மற்றவருக்குத் தொழிற்சாலைகளை அழைக்கும் வேலை. ஐம்பது ஆண்டு கடந்தும் ஒருவர் வரப்பில் மற்றவர் கால் வைத்ததில்லை. அண்ணன் தம்பி பங்காளிச் சண்டைகளால் நீதிமன்றங்கள் நிரம்பி வழியும் நாட்டில் இப்படியொரு விட்டுக்கொடுத்தல் அபூர்வம். அது எவ்வளவு கச்சிதமாக நடந்திருக்கிறது என்பதைக் காண விரும்புவோருக்குச் சேரப்பணஞ்சேரி வழியாகப் போகும் சாலையைப் பரிந்துரைக்கிறேன். வாகனங்கள் அழைக்கப்பட்டன, வந்தன. கன்டெய்னர்கள் அழைக்கப்பட்டன, வந்தன. விருந்தாளியை மட்டும் யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் அவர் வந்துகொண்டேயிருக்கிறார் என்பதுதான் இந்த விண்ணப்பத்தின் சாரம்.

அந்தச் சாலையின் கிழக்கு முனையில் வண்டலூர் இருக்கிறது. நகரத்து நெரிசலில் விலங்குகளுக்கு மூச்சுவிட இடமில்லை என்பதை உணர்ந்த அரசு, 1985-ல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை அங்கே அமைத்தது. பரப்பளவு 602 ஹெக்டேர். அங்கே வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு என்னென்ன தேவைப்படும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்: நுழைவுச்சீட்டு, வழிகாட்டும் பலகை, குடிநீர், கழிப்பறை, நிழல், கால் வலித்தால் உட்கார இருக்கை, நடக்க முடியாதவருக்கு வண்டி. அதே சாலையில் மேற்கே படப்பை, சேரப்பணஞ்சேரி தாண்டி ஒரகடத்துக்கு வந்தால், 2010-ல் ரெனோ-நிசான் கார்கள், 2012-ல் டெய்ம்லர் லாரிகள், 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் என வரிசையாக உற்பத்தி தொடங்கிய வளாகங்கள். பார்வையாளருக்கு இங்கே கிடைப்பவை மூன்று: மதில், கேட், செக்யூரிட்டி. பார்க்க வருகிறவருக்கு என்ன வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாது என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது. நன்றாகவே தெரியும். சாலையின் ஒரு முனையில் மட்டும் தெரியும்.

இங்கே யார் பார்க்க வரப்போகிறார்கள் என்று தாங்கள் கேட்கலாம். வெளியூரில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்தால், அந்த ஊரை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வருவது நம் குடும்பங்களின் எழுதாத சட்டம். பெற்றோர் மட்டும் வருவதில்லை. சித்தி வருவார், எதிர்வீட்டுக்காரர் வருவார், 'எங்க பையனுக்கும் அங்க ஏதாவது கிடைக்குமா' என்று விசாரிக்க இன்னொரு குடும்பமும் வேனில் ஏறிக்கொள்ளும். வடமாவட்டங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வருவார்கள்; இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். அவர்கள் பார்க்க விரும்புவன எளியவை: பிள்ளை எங்கே தூங்குகிறது, எங்கே வேலை செய்கிறது, என்ன சாப்பிடுகிறது. மூன்றும் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கம். ஆகவே கேட்டுக்கு வெளியே நின்று நலம் விசாரித்து, கொண்டுவந்த முறுக்கு டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, மீதிப் பொழுதுக்கு மெரினா, மாமல்லபுரம், இல்லையென்றால் வண்டலூர். மகள் வேலை பார்க்கும் ஊரைப் பார்க்க வந்தவர்கள் வெள்ளைப்புலியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

இதற்குத் தங்கள் தரப்பில் சொல்லக்கூடிய வலுவான பதில் ஒன்று உண்டு; அதை நானே எடுத்துக் கொடுக்கிறேன். திருவள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார், பொருட்பாலில் அரசுக்குச் சொன்ன அதிகாரங்களில் வைக்கவில்லை. எனவே விருந்தாளியைக் கவனிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, அரசின் பொறுப்பு அல்ல. அருமையான வாதம். ஒரே ஒரு சிக்கல்: இல்லறம் நடத்த இல்லம் வேண்டும். 2024 ஆகஸ்டில் பக்கத்திலுள்ள வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகப் பிரம்மாண்டமான குடியிருப்பு திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். வாடகை அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம். அதைக் கேலி செய்வது நியாயமல்ல. ஆனால் அங்கே ஒருவருக்குச் சொந்தம் என்று இருப்பது ஒரு கட்டில். கட்டிலில் ஒருவர் தூங்கலாம், எதிர்வீட்டுக்காரருக்கு இலை போட முடியாது. வீடு இல்லாதவரிடம் விருந்தோம்பலை ஒப்படைத்தால் அது யாராலும் செய்ய முடியாத வேலையாகிவிடும். வீடு செய்ய முடியாததை ஊர்தான் செய்தாக வேண்டும். அதனால்தான் மற்ற ஊர்களில் சத்திரம், பூங்கா, கோயில் மண்டபம், கடற்கரை என்று பொது இடங்கள் தோன்றின.

அடுத்த ஆட்சேபம் பாதுகாப்பு. தொழிற்சாலை என்ன பொருட்காட்சியா, கண்டவரை உள்ளே விட முடியுமா, தொழில் ரகசியம் என்னாவது? நியாயமான கேள்விதான். ஆனால் ஊட்டிக்குப் போன தமிழ்க் குடும்பம் எதுவும் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்காமல் திரும்புவது அரிது. இலை வாடுவதும் அரைபடுவதும் தூளாவதும் பார்த்து, ஏலக்காய் டீ ஒரு கப் குடித்து, கால் கிலோ பொட்டலமும் வாங்கி வருகிறோம். தேயிலைத் தொழில் அதனால் நொடிந்துவிடவில்லை. ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் ஆலைக்குப் பக்கத்திலேயே 'ஆட்டோஸ்டாட்' என்ற காட்சி வளாகத்தை 2000-ல் திறந்தது. காரின் கதையைச் சொல்வதையே அந்த ஊர் சுற்றுலாவாக்கிக்கொண்டது. மேலும், நம் தொழிற்சாலைகள் யாருக்குமே திறப்பதில்லை என்பதும் உண்மையல்ல. முதலீட்டாளர் வந்தால் கேட் திறக்கும், பூங்கொத்து வரும், தலைக்கவசம் தேடி வரும். 2024 ஜனவரியில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆக, உபசரிக்கத் தெரியாத மாநிலமல்ல இது. பணத்தைப் போட்டவர் வந்தால் விருந்தினர், பிள்ளையை அனுப்பியவர் வந்தால் அந்நியர் என்ற பாகுபாட்டைத்தான் கொஞ்சம் திருத்தக் கேட்கிறேன்.

அப்படிப் பார்ப்பதற்கு அங்கே என்னதான் இருக்கிறது என்பது மூன்றாவது ஆட்சேபம். 1017-ல் ராமாநுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் எழுந்த நினைவிடம் இருக்கிறது. படப்பைக்குப் பக்கத்தில் மணிமங்கலம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் ஒன்று. இவற்றை விடுங்கள், இவை பழைய பெருமை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்ததும் வரலாறு இல்லையா? 2006-ல் நோக்கியா ஆலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பெண்கள் கோத்த அந்தக் கைபேசிகள் நாடெங்கும் சட்டைப்பைகளில் கிடந்தன. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. போரில் தோற்ற மன்னனுக்கே செப்பேட்டில் இடம் கொடுத்த மண்ணில், எட்டு ஆண்டுகள் இளமையைக் கொடுத்த அந்தப் பெண்களுக்கு ஒரு தகவல் பலகைகூட வேண்டாமா? பார்க்க ஒன்றுமில்லை என்பதல்ல நிலைமை. பார்க்க வேண்டியதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

'ஜாம்ஷெட்பூர் போல ஒரே முதலாளியின் ஊராக இருந்தால் செய்யலாம், இங்கே நூறு கம்பெனிகள், யார் செய்வது?' என்பது கடைசி வாதம். ஜாம்ஷெட்பூரில் டாடா எஃகு ஆலை தன் பொன்விழாவையொட்டி ஊர் மக்களுக்கு ஜூபிலி பூங்காவைக் கொடுத்தது. 1958-ல் நேரு திறந்துவைத்தார். அந்த ஊருக்கு வரும் உறவினரை எங்கே அழைத்துப் போவது என்ற கவலை அன்றோடு தீர்ந்தது. நூறு முதலாளிகள் இருக்கும் இடத்தில் எல்லோருக்கும் பொதுவான வேலையைச் செய்யத்தான் ஓர் அரசு நிறுவனம் வேண்டியிருக்கிறது. சாலை, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை நூறு கம்பெனிகளும் தனித்தனியே போட்டுக்கொள்ளட்டும் என்று யாரும் சொல்லவில்லையே! மரத்தடிக்கும் கழிப்பறைக்கும் மட்டும் ஏன் அந்தச் சட்டம் மாறுகிறது?

ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பலர் விடுதி உணவால் நோயுற்றபோது, மற்றவர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் எங்கே தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை அன்றுதான் நாடு எட்டிப் பார்த்தது. பெற்றோரும் மற்றோரும் வந்து பார்த்துப் போகும் இடத்தில் தவறு நெடுநாள் ஒளிந்திருக்காது. விருந்தாளியின் கண் செலவில்லாத ஆய்வாளர். அவரை உள்ளே விடாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று சந்தேகிக்கும் அளவுக்கு நான் பொல்லாதவன் அல்ல.

எனவே பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் வரை நிழல் தரும் மரங்கள், நாலு இடத்தில் இருக்கை, குடிநீர், பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய கழிப்பறை, ஒவ்வொரு மதிலுக்குப் பின்னால் என்ன தயாராகிறது என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சொல்லும் பலகை, விடுதிகளில் விருந்தினர் கூடம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சுற்றுப் பேருந்து. வண்டலூரில் செய்ததை இந்த முனையிலும் செய்தால் போதும்.

இப்படிக்கு,
சாலையின் மேற்கு முனை சார்பாக.

நகல்: சிப்காட் நிறுவனத்துக்கு – உடன்பிறந்தவர் என்ற முறையில், தகவலுக்காக.