லாரித் தண்ணீரும் முக்கால் லிட்டரும்

2019 கோடையில் சென்னையில் குடியிருந்த யாரைக் கேட்டாலும் ஒரு தண்ணீர்க் கதை சொல்வார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. சில ஹோட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

எங்கள் அடுக்ககத்தில் போர் வற்றிவிட்டது. 12,000 லிட்டர் லாரிக்குச் சொல்லிவைத்துவிட்டு, நானும் என் நண்பனும் நடுராத்திரியில் கேட்டுக்கு வெளியே காத்து நிற்போம். அவன்தான் அப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர். லாரி வந்தால் அளவு குறைகிறதே என்று தகராறு. வராவிட்டால் போன் மேல் போன். மாடி வீட்டுக்காரர் மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி வழிந்த அன்றைக்குச் சங்கக் கூட்டம் ராத்திரி பதினொன்று வரை நடந்தது. அந்தக் கோடை முழுக்க எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. வாழ்க்கையில் இதைவிடப் பெரிய கஷ்டம் ஏதும் வந்துவிடாது என்றே இருவரும் நினைத்திருந்தோம்.

இப்போது சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது. என் நண்பன் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது.

அவனுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பல வருஷமாகவே உண்டு. சிறுநீரகம் சத்தம் போடாமல் கெட்டுப்போகிற உறுப்பு. பெரும்பங்கு பழுதான பிறகுதான் கால் வீக்கம், மூச்சு வாங்குதல் என்று வெளியே தெரியவரும். அவனுக்கும் அப்படித்தான் தெரிந்தது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ்.

டயாலிசிஸ் அறைக்குள் போனதும் முதல் வேலை எடை பார்ப்பது. போன தடவை முடிந்து கிளம்பியபோது இருந்த எடையைவிடக் கூடியிருப்பது எல்லாம் உடம்பில் தேங்கிய நீர்தான். அதை அன்றைக்கு எடுத்தாக வேண்டும். இடது கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். "தொட்டுப் பாருடா" என்றான். உள்ளங்கையை வைத்தேன். மாவு மெஷின் ஓடுகிற கடையின் சுவரைத் தொட்டது போல ரத்தம் அதிர்ந்து ஓடியது. அந்தக் கையில்தான் ஒவ்வொரு முறையும் இரண்டு தடித்த ஊசிகள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது டெக்னீஷியன் தம்பி ஒரு கணக்குச் சொன்னார். மெஷினுக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம் சுத்திகரித்த நீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். சுத்திகரிக்கும்போது வீணாகும் தண்ணீர் தனி. அதைச் சேர்க்காமல் பார்த்தால், அன்று நாங்கள் காத்து நின்ற ஒரு லாரித் தண்ணீர் நூறு பேருக்கு ஒரு வேளை டயாலிசிஸ். அந்தக் கோடையிலும் இந்த மெஷின்கள் ஓடித்தான் ஆக வேண்டியிருந்தது.

அவ்வளவு தண்ணீர் ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவனுக்குக் கணக்கு முக்கால் லிட்டர். காப்பி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால் இளநீரும் வாழைப்பழமும் ஆகாது. காய்களைக்கூட நறுக்கி நீரில் ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுத்தான் சமைக்கிறார்கள். உப்பு கூடினால் தாகம் கூடும் என்று அதிலும் கட்டுப்பாடு. வெயில் தாங்காத நாளில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு மெல்லக் கரைத்துக்கொள்கிறான்.

'அவங்க படற பாட்டைப் பார்த்தா நம்ம கஷ்டமெல்லாம் ஒண்ணுமே இல்ல' என்று ஊரில் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் எனக்கு நிம்மதி தருவதற்காக அவன் நோய்ப்படவில்லை. அவனைப் பார்த்துவிட்டு, 'நல்லவேளை, நமக்கு இல்லை' என்று வீடு திரும்புவது நட்பாகாது.

பார்க்க வருகிறவர்கள் தங்கள் வீட்டு விஷயங்களை அவனிடம் சொல்வதையே விட்டுவிட்டார்கள். ஒருநாள் அவனே கேட்டான்: "எங்கிட்ட வந்தா எல்லாரும் குரலை இறக்கிடறாங்கடா. மாடி வீட்டுக்காரர் இன்னமும் மோட்டாரை ஆஃப் பண்ண மறக்கறாரா? அதைச் சொல்லு." சொன்னேன். பழைய செயலாளர் பாணியிலேயே அவரைத் திட்டித் தீர்த்தான். அன்றாடத் தொல்லைகளுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை அந்தக் கட்டிலருகில்தான் கண்டேன். ஆரோக்கியமாக இருப்பவர்களின் சலிப்பில் தனக்கும் பங்கு வேண்டும் என்றே அவன் கேட்கிறான்.

மோட்டார் இன்றும் ரிப்பேர் ஆகிறது. முன்பு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த விஷயம், இப்போது பிளம்பருக்கு ஒரு போனோடு முடிந்துவிடுகிறது. மிச்சமாகும் நேரத்தில் அவனுக்காகச் செய்ய எனக்கு வேலை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. கூட வந்து உட்கார ஓர் ஆள் எந்தக் காப்பீட்டிலும் கிடையாது. முடிகிற நாளில் நான் போகிறேன். அன்றைக்கு அவன் மனைவி கொஞ்சம் தூங்குகிறார்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறான். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்றுத் தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கிறது. அப்படிக் கொடுப்பவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023இல் அரசு அறிவித்தது.

சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிரியாட்டினினையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்களுக்குப் பின் உறுப்புகளைக் கொடுக்கலாம் என்று நினைத்தால், அதை இன்றைக்கே வீட்டில் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் சம்மதக் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் அவர்கள்தான்.