கற்பிட்டிக் கடற்காற்றில் கோப்பி வறுக்கும் உருளை: பராமரிப்பு, மேம்பாடு, குடும்ப நிதி குறித்த ஓர் ஆய்வு

1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கினார். கரையோரம் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததை எழுதினார். ஆரியச் சக்கரவர்த்தி முத்துக்களைக் காட்டி உபசரித்ததை எழுதினார். கோப்பி வறுக்கும் உருளையைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் எழுதவில்லை. வரலாற்றாசிரியர்கள் இந்த மௌனத்தைச் சும்மா கடந்து போய்விட்டார்கள். யெமனில் கோப்பி குடிக்கும் பழக்கம் ஊன்றியதே 15ஆம் நூற்றாண்டில்தான், அவர் எதைப் பார்த்து எழுதுவார் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அது நியாயம்தான். ஆனால் ஆய்வு என்றால் ஏதாவது ஓர் இடைவெளியிலிருந்து தொடங்கவேண்டும்; ஏழு நூற்றாண்டு இடைவெளி இலவசமாகக் கிடைக்கும்போது விடுவானேன்.

ஆய்வுப் பொருள் எதுவென்று முதலில் வரையறுப்போம். பெஹ்மோர், ஹொட்டொப், ஜீன் கஃபே என்று பெயரும் பெட்டியும் உள்ள வீட்டு இயந்திரங்கள் தனி இனம். அவற்றை இந்த ஆய்வு தொடவில்லை, ஏனென்றால் அவற்றை வாங்க வசதியுள்ளவர்கள் ஆய்வு எழுதுவதில்லை. நாம் எடுத்துக்கொள்வது புத்தளத்து லேத் பட்டறை ஒன்றில் பிறந்த உருளை: விட்டம் 15 சென்ரிமீற்றர், நீளம் 30, அரைக்கிலோ பச்சைக் கொட்டை கொள்ளும். கீழே கேஸ் பேர்னர். பின்னால், ஆயுள் முடிந்த லொறி ஒன்றின் வைப்பர் மோட்டர்.

முன்னோடிகளைப் பற்றி ஒரு பந்தி எழுதாவிட்டால் ஆய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கொட்டையைத் தானே வெளியே தள்ளும் வறுவல் உருளைக்கு நியூயோர்க்கில் ஜபெஸ் பர்ன்ஸ் காப்புரிமை பெற்றது 1864இல். ஐந்தே ஆண்டில், 1869இல், இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தலைகாட்டியது; அடுத்த இருபது ஆண்டுக்குள் மலையெல்லாம் தேயிலை. அதாவது வறுக்கிற இயந்திரம் உருப்பட்ட நேரத்தில் வறுக்கவேண்டிய கொட்டை ஒழிந்துபோனது. நமது மாவட்டத்துக்கு அந்தத் துக்கமும் இல்லை. இங்கே தென்னைதான். கொட்டை மாத்தளை, கண்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி வரவேண்டும்.

உண்மையில், புத்தளம் மாவட்டத்தின் தலைசிறந்த வறுவல் உருளை கோப்பிக்கானதே அல்ல. பாலாவிப் பக்கத்துச் சீமெந்து ஆலையில் சுழல்கிறது. அருவக்காலுவிலிருந்து ரயிலில் வரும் சுண்ணாம்புக்கல் அந்தச் சூளைக்குள் 1450 பாகை வரை வெந்து கிளிங்கராக வெளியே விழுகிறது. சற்றே சரிந்த உருளை, உள்ளே நெருப்பு, மெதுவான சுழற்சி: உடற்கூற்றில் இரண்டும் ஒரே குடும்பம். வேறுபாடு இரண்டே. அங்கே உருளை நிமிடத்துக்குச் சில சுற்றுத்தான் சுற்றுகிறது; அங்கே வெந்ததை யாரும் ருசி பார்த்துக் குறை சொல்வதில்லை.

சுழற்சி பற்றிய சிறு கணக்கு

உருளை மிக வேகமாகச் சுற்றினால் கொட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும். புரளாது, ஒரே பக்கம் கரியும். அந்த எல்லையைப் பள்ளிக்கூடப் பௌதிகமே சொல்லும்: உருளையின் விட்டத்தை மீற்றரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 42.3ஐ அதால் வகுத்தால் வரும் சுற்று. நமது 15 சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு 109. அதில் பாதியோ சற்று மேலோ இருந்தால் கொட்டை அழகாக ஏறி விழும். வைப்பர் மோட்டருக்கோ இரண்டே வேகம்: தூறலுக்கு 40 சுற்றளவில் ஒன்று, பெருமழைக்கு 60 சுற்றளவில் ஒன்று. லொறி செய்த கம்பனி கோப்பியை மனதில் வைத்துத்தான் இதை வடிவமைத்தது என்று நிரூபிக்கச் சான்று போதாது. ஆனால் பெருமழை வேகத்தில் வறுத்தால் சரியாக வருகிறது.

உப்பு

ஆய்வின் நடுப்பகுதி இதுதான். அவசரக்காரர் இதை மட்டும் வாசித்தாலும் போதும்.

சுத்தமான சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கசிந்து நீராகும். கடலுப்பு அவ்வளவு பொறுமைசாலி அல்ல. அதில் மக்னீசியம் குளோரைட் கலந்திருக்கிறது. அது 33 வீதத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புத்தளத்து உப்பளங்களில் உப்புப் படிந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புநீரை வடித்துவிடுவது இந்த மக்னீசியத்தை ஒழிக்கத்தான். கடற்காற்று அப்படி வடித்து அனுப்புவதில்லை, உள்ளதையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறது. 33 வீதத்துக்குக் காற்றுக் காய்வது இந்தக் கரையில் நடக்கிற காரியமா? எனவே குசினிக்குப் பின்னால் தாழ்வாரத்தில் நிற்கும் இரும்பின் மேல், கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று எந்நேரமும் உட்கார்ந்திருக்கிறது. வறுக்கும்போது அது காயும். ஆறியதும் மறுபடி நனையும். காய்ந்து காய்ந்து நனைவதைப்போலக் கறளுக்குப் பிடித்தமானது வேறில்லை.

காற்றின் திசை மாறினால் தப்பலாமே என்பார் உண்டு. கற்பிட்டி குடாநாடு; மேற்கே கடல், கிழக்கே களப்பு. சோளகம் கடலுப்பைக் கொண்டுவரும், வாடை களப்புப்பைக் கொண்டுவரும். இதே காற்றுக்காக வெளிநாட்டிலிருந்து ஆட்கள் காசு செலவழித்து வந்து, இடுப்பில் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்குகிறார்கள். மாம்புரியில் காற்றாலைகள் அதை மின்சாரமாக்குகின்றன. எமது பேர்னர்ச் சுவாலையை அணைப்பது மட்டும்தான் அது இலவசமாகச் செய்யும் சேவை.

இனி விதிக்கு வருவோம். முதல் உருளை சாதா இரும்புக் குழாயில் வெட்டியது. கறள் கட்டியது. அதே குழாயில் இன்னொன்று வெட்டினால் அது பராமரிப்பு. அடுத்த சோளகத்தில் அதுவும் கட்டும் என்று தெரிந்தபின் அதையே வெட்டுவதற்கு எந்த மனிதனுக்குக் கை வரும்? ஆகவே ஸ்டெயின்லெஸ். அதிலும் 304 என்ற சாதாரண இனம் குளோரைட்டுக்குப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்ந்த 316 தான் கடற்கரைக்கு ஏற்றது. ஆக, திருத்தப்போன இடத்தில் 316. இது மேம்பாடு.

இங்கேதான் இயற்கை தன் வேலையைக் காட்டுகிறது. ஸ்டெயின்லெஸ்ஸும் சாதா இரும்பும் ஒன்றையொன்று தொட்டு, நடுவே உப்புநீரும் இருந்தால் அது ஒரு பற்றரி. அந்தப் பற்றரியில் கரைந்துபோவது எப்போதும் சாதா இரும்பு. பெரிய இரும்புத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்தால் பாதகமில்லை, அரிப்பு பரவலாகப் போய்விடும். பெரிய ஸ்டெயின்லெஸ் உருளையில் சின்ன இரும்பு போல்ட் என்றால் முழு அரிப்பும் அந்த போல்டின் தலையில் விழுகிறது. பழைய உருளையோடு பல காலம் ஒத்துப்போன போல்ட்டுகள், புது உருளை வந்தபின் விரலால் நெருடினால் செதில் செதிலாக உதிர்ந்தன. லேத் பட்டறை பாஸ் இதை விஞ்ஞானமில்லாமலே சொன்னார்: "நல்லதப் போட்டா மத்தது கெதியாப் போவும் நானா."

அவரது கூற்றை முறைப்படுத்தி, கற்பிட்டி விதி என்று இங்கே முன்மொழிகிறோம்: கரையோர வறுவல் இயந்திரத்தில் ஒரு பாகத்தை மேம்படுத்துவது, பக்கத்துப் பாகத்தைப் பழுதாக்குவதாகும். இதன் கிளைவிதி: இந்தக் கரையில் பராமரிப்பு என்று தனியாக ஒன்று இல்லை. போல்ட்டுகளும் ஸ்டெயின்லெஸ் ஆயின. போல்ட் இறங்கிய சட்டம் அடுத்து. சட்டத்தைத் தாங்கும் கால் அதற்கடுத்து. பெயாரிங் மட்டும் இந்தச் சங்கிலியில் சேராமல் தன் சொந்தக் காரணத்துக்காகச் செத்தது. சாதாரண லிதியம் கிறீஸ் 180, 190 பாகையில் உருகி வடியும். உருளையின் பின்பக்கம் ஒட்டியே பெயாரிங் வைத்தால் கிறீஸ் கோப்பியோடு கலந்துவிடும். விலையுயர்ந்த சூடு தாங்கும் கிறீஸ் ஒன்றுண்டு. அதைவிட மலிவு, ஷாஃப்டை நான்கு அங்குலம் நீட்டி பெயாரிங்கைக் காற்றாட வெளியே நிறுத்துவது. இந்த ஆய்வில் காசு மிச்சமான ஒரே கண்டுபிடிப்பு அது.

நிதி

மேற்படி விதி குடும்ப நிதிக்குழுவின் முன் வைக்கப்பட்டபோது எழுந்த விவாதத்தைச் சுருக்கமின்றித் தருகிறோம்.

"நீங்க போன மாசம் மாத்தினது இதத்தானே?"

"அது உருளை. இது உருளைட போல்ட்."

"போல்ட்டுக்கா இவ்வளவு?"

நிதிக்குழுவில் இருப்பவர் ஒருவரே; அவரே தலைவர், அவரே கணக்காய்வாளர். அவரிடம் "திருத்தம்" என்ற தலைப்பில் போன விண்ணப்பங்கள் தேறின. "புதுசு" என்ற தலைப்பில் போனவை திரும்பின. வெளியே நண்பர்களிடம் இதே செலவு எதிர்த் தலைப்பில் பதிவாகும். அங்கே திருத்தம் என்று சொன்னால் மதிப்பில்லை.

வெப்பமானியும் செவியும்

கொட்டை ஏறத்தாழ 196 பாகையில் முதல் வெடிப்புக்கு வரும். அதை அறிய இரண்டு வழி. ஒன்று, கே வகை வெப்ப இணைமுனையைக் கொட்டைக் குவியலுக்குள் புதையும்படி வைத்து, பாகைக்கு 41 மைக்ரோவோல்ட் கணக்கில் வரும் அழுத்தத்தை அளந்து, ஆர்ட்டிசான் என்ற இலவச மென்பொருளில் கோடாக வரைவது. முனை குவியலுக்கு மேலே வெறுங்காற்றில் நின்றால் அது அளப்பது அடுப்பின் சூட்டை. கொட்டையின் சூட்டை அல்ல. இணைப்புத் திருகாணியில் கறள் கட்டினால் கோடு கிழவன் கையெழுத்தாகிவிடும்.

இரண்டாவது வழி, காது கொடுத்துக் கேட்பது. இதற்கு உள்ளூர்த் தடைகள் உண்டு. சோளகத்தில் ஓலை அடித்துக்கொள்ளும் சத்தம் படபடவென்று வெடிப்பைப் போலவே இருக்கும். அது ஓய்ந்தால் மீன்காரரின் ஹோர்ன். மீன் என்றதும் இன்னொன்று: பச்சைக் கோப்பிக் கொட்டை பக்கத்து வாசத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. கருவாடு காயும் ஊரில் சாக்கைத் திறந்து வைப்பது எப்பேர்ப்பட்ட உருளையாலும் திருத்தமுடியாத காரியம். மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி ஒன்று, இங்கே விவரித்த பல மேம்பாடுகளைவிட ருசிக்கு அதிகம் உதவியது என்பதை நிதிக்குழுவுக்குத் தெரியாதபடி பதிவு செய்கிறோம்.

ஒப்பீட்டுச் சான்று

எந்த ஆய்விலும் ஒப்பிட ஒரு மாதிரி வேண்டும். இங்கே அது உம்மாவின் தாச்சி. சிரட்டை நெருப்பில், அகப்பையால் கிண்டி, கொட்டை கறுப்பாகி எண்ணெய் கசியும்வரை வறுத்து, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து உரலில் இடித்து அரிப்பார். வெப்பமானி கிடையாது, வரைகோடு கிடையாது. உருளையில் முதல் வெடிப்பு முடிந்த கையோடு இறக்கிய கோப்பியை, பழவாசம் இருக்கிறது என்ற விளக்கத்தோடு அவரிடம் நீட்டினோம். ஒரு மிடறு குடித்தார். "பழம் சரி மகன், ஏன் புளிக்குது?" என்றார். விருந்தாளிகளுக்கு இன்றுவரை போவது தாச்சிக் கோப்பிதான்.

அந்தத் தாச்சியும் சாதா இரும்பே. அதே தாழ்வாரம், அதே காற்று, இருந்தும் கறளில்லை. காரணம் மர்மமல்ல: தினமும் நெருப்பில் ஏறி, எண்ணெய் இறுகிப் பளபளத்த கருந்தோல் ஒன்று அதன்மேல் படிந்திருக்கிறது. கோப்பி எண்ணெயும் உருளைக்குள் அப்படிப் படியும். கம்பி பிரஷால் அதைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்குவது சுத்தமல்ல, உப்புக்குக் கதவைத் திறந்து விடுவது. சுரண்டவேண்டியது உருளையின் வயிறு அல்ல, புகைபோகும் குழாயும் உமி சேரும் தட்டும். கொட்டையின் வெள்ளித்தோல் அங்கே குவிந்து தீப்பிடிக்கும். அந்த உமியை ஊர்க் கழுதைகளுக்கு வைத்துப் பார்த்தோம். முகர்ந்துவிட்டுப் போயின. எனவே இரும்பு உருளைக்குச் சிறந்த பராமரிப்பு, ஓயாமல் வறுப்பது. வறுத்ததை யாராவது குடித்தும் ஆகவேண்டும். அதற்கான தூக்கமின்மை ஆய்வுச் செலவில் சேரும்.

மின்வெட்டுக் காலம்

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கொட்டை வெடிக்கத் தொடங்கும் நேரம் உருளை நின்றால் அடிப்பக்கம் கரி, மேற்பக்கம் பச்சை. வைப்பர் மோட்டர் 12 வோல்ட் என்பதால் பற்றரியில் ஓடும். ஆனால் வீட்டிலிருந்த ஒரே பற்றரிக்கு, பிள்ளைகள் படிக்கும் விளக்கும் உரிமை கோரியது. பாஸ் ஷாஃப்டின் நீட்டிய நுனியில் ஒரு கைபிடியை வெல்ட் பண்ணித் தந்தார். பிறகு கேஸுக்கும் வரிசை. பேர்னரைக் கழற்றிவிட்டு அடியில் சிரட்டைக்கரி போட்டோம். தென்னை நாட்டில் சிரட்டைக்கு வரிசை கிடையாது.

316 உருளை, நீட்டிய ஷாஃப்ட், கைபிடி, கரி. தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் கரியடுப்பின் மேல் கையால் சுற்றிய கோப்பி உருளை வந்து நின்ற இடத்துக்கே, நூறு மடங்கு செலவில், ஒரு நூற்றாண்டு பிந்தி, இந்த இயந்திரமும் வந்து சேர்ந்தது. கேஸும் மின்சாரமும் திரும்பிய பின்னும் கைபிடியைக் கழற்றவில்லை. அதன் வெல்டிங் ஒட்டு மட்டும் இப்போது கறள் கட்டத் தொடங்கியிருக்கிறது. கற்பிட்டி விதி எதிர்பார்த்ததே.

எஞ்சியிருக்கும் ஆய்வுப் பிரச்சினை, ஆறவைத்தல். இறக்கிய கொட்டை நான்கு நிமிடத்துக்குள் ஆறாவிட்டால் தன் சூட்டிலேயே மேலும் வறுபடும். சுளகில் புடைத்தால் கொட்டை காகத்துக்குப் போகிறது. துளையிட்ட தட்டும் அடியிலிருந்து உறிஞ்சும் விசிறியும் வேண்டும். இதற்கான விண்ணப்பம் "குசினிப் புகைவிசிறி, திருத்தம்" என்ற தலைப்பில் நிதிக்குழுவிடம் சமர்ப்பிக்கப்பட்டுள்ளது. குசினியில் இதுவரை புகைவிசிறி இருந்ததில்லை என்ற ஆட்சேபம் எழுந்திருக்கிறது, பதில் தயாராகிறது.