எனக்குள் இருவர்: ஒருவரை நீக்கித் தர வேண்டுதல்

அனுப்புநர்: இரண்டு ஐடி உள்ள ஓர் ஊழியர், நகைக்கடன் கவுண்டர்
பெறுநர்: உயர்திரு துணைப் பொது மேலாளர் அவர்கள், தகவல் பாதுகாப்புப் பிரிவு, தலைமை அலுவலகம்
பொருள்: கூடுதல் அனுமதிகளைப் பிடுங்கிக்கொள்ள வேண்டுதல் – நான்காம் நினைவூட்டல்
பார்வை: இதே பொருளில் நான் எழுதிய நான்கு கடிதங்கள். தங்கள் பதில்: இல்லை.

ஐயா,

இன்கிரிமென்ட் கேட்டும் மாற்றல் கேட்டும் தங்களுக்குத் தினமும் மனு வரும். "கொடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுபவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சேர்ந்த புதிதில் கேஷ் கவுண்டர். அதற்கொரு அனுமதி தந்தீர்கள். பிறகு டெபாசிட்டுக்கு ஒன்று, பயிர்க்கடனுக்கு ஒன்று, இப்போது நகைக்கடனுக்கு ஒன்று. நடுவில் மேனேஜர் மூன்று மாதம் மெடிக்கல் லீவில் போனபோது அவருடைய ஒப்புதல் அதிகாரமும் 'தற்காலிகமாக' வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றலின்போதும் டிராயர் சாவியை எண்ணி வாங்கினார்கள், ஸ்டேப்ளரைக்கூட ரிஜிஸ்டரில் வரவு வைத்தார்கள். அனுமதியை மட்டும் யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

1992-ல் டேவிட் ஃபெராய்லோ, ரிச்சர்ட் குன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதற்கொரு வழி சொன்னார்கள். அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதே, அவர் பார்க்கும் வேலைக்குக் கொடு. ஆள் எழுந்து போனால் அனுமதி நாற்காலியிலேயே இருக்கும். நம் வங்கியும் இந்த முறையைத்தான் வாங்கிப் போட்டிருக்கிறது. ஆனால் எழுந்து போகிறவர் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விட்டுவிட்டோம். என்னிடம் இப்போது ஐந்து நாற்காலிகள் இருக்கின்றன.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. கல்யாணமானதும் இனிஷியலை மாற்றித் தரக் கேட்டேன். மாற்ற வழியில்லை என்று தங்கள் பிரிவு புது ஐடியே போட்டுத் தந்தது, பழையதை மூடவில்லை. அப்பா இனிஷியலில் ஒருத்தி, கணவர் இனிஷியலில் ஒருத்தி. இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரே டிபன்பாக்ஸில் சாப்பிடுகிறோம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை மதியம். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காக மூன்று பவுன் செயினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். அப்ரைசர் உரைத்துப் பார்த்துச் சீட்டு எழுதிவிட்டார். கணவர் இனிஷியலில் என்ட்ரி போட்டேன். 'செக்கர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்றது திரை. போடுபவர் மேக்கர், சரிபார்ப்பவர் செக்கர், இருவரும் வேறுவேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பது விதி. வெளியே வந்து அப்பா இனிஷியலில் உள்ளே போனேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, நான் போட்டதை நானே ஐயத்தோடு பார்த்து, ஒப்புதல் கொடுத்தேன். நாலே நிமிடம். "நல்லா இரும்மா" என்றார் பாட்டி. எந்த இனிஷியலை வாழ்த்தினார் என்று கேட்கவில்லை. அதே கம்ப்யூட்டரில் என் லீவ் பாக்கியைப் பார்க்கப் போனால் 'தங்களுக்கு அனுமதி இல்லை' என்கிறது.

2018-ல் பஞ்சாப் நேஷனல் பேங்கின் மும்பை பிரேடி ஹவுஸ் கிளை மோசடி விவகாரம் வெடித்தது. வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்டில் வெளியே போன உத்தரவாதங்கள், வங்கியின் சொந்தக் கணக்கான கோர் பேங்கிங்கில் ஏறவே இல்லை. அதன்பின் நமக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது: ஊழியர்களின் அனுமதிகளை ஆண்டுக்கொருமுறை சரிபார்க்க வேண்டும். நல்ல காரியம். சரிபார்க்கும் வேலை மேனேஜரின் ஒப்புதல் அதிகாரத்தைச் சேர்ந்தது. அதுதான் 'தற்காலிகமாக' என்னிடம் இருக்கிறதே! ஆகவே என் பழைய ஐடி இன்னும் தேவையா என்று என் புதிய ஐடியிடம் கம்ப்யூட்டர் கேட்டது. தேவையில்லை என்றேன். காரணம் கேட்டது. பட்டியலில் ஓய்வு, ராஜினாமா, மரணம் மூன்றும் இருந்தன, கல்யாணம் இல்லை. அப்பா இனிஷியலைச் சாகடிக்க மனம் வரவில்லை ஐயா. 'தேவை' என்று டிக் அடித்தேன்.

பதில் வராததைத் தங்கள் பிரிவின் மெத்தனம் என்று நினைத்திருந்தேன். தவறு, மன்னிக்கவும். அமெரிக்க விமானப்படைக்காக மைட்டர் நிறுவனத்தின் டேவிட் பெல்லும் லியோனார்ட் லாபடுலாவும் 1973-ல் வகுத்த முறையைப் பிறகுதான் படித்தேன். ரகசியம் கசியாதிருக்க வழி: கீழே இருப்பவர் மேலே உள்ளதைப் படிக்கக் கூடாது, மேலே இருப்பவர் கீழே எழுதக் கூடாது. கீழிருந்து மேலே எழுதத் தடையில்லை, ஆனால் எழுதியது என்ன ஆயிற்று என்று எழுதியவரே திரும்பப் பார்க்க முடியாது. எழுந்து நின்று கும்பிட்டேன். நாம் மனு போடும் முறை இதுதானே!

பின்னர் கென் பீபா இதைத் தலைகீழாகத் திருப்பினார். அவருடைய கவலை ரகசியம் பற்றியதல்ல, கணக்கின் சுத்தம் பற்றியது. கீழேயிருந்து வரும் நம்பத்தகாத சரக்கு மேலே உள்ளதைக் கெடுத்துவிடக் கூடாது. ஆகவே மேலே இருப்பவர் கீழே உள்ளதைப் படிக்கவே கூடாது. இரண்டு முறைகளையும் ஒரே படிநிலையில் சேர்த்து மாட்டினால் மேலும் கீழும் ஓர் எழுத்துகூட நகராது. அந்தந்த மாடிக்காரர்கள் தங்களுக்குள் எழுதிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். பயிற்சிக்காகத் தலைமை அலுவலகம் வந்தபோது, மூன்றாம் மாடியிலிருந்து அதே மூன்றாம் மாடிக்கு ஒரு ஃபைல் தபால் பிரிவு வழியாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு விவரம் புரியாமல் சிரித்துவிட்டேன்.

இன்னொன்று. 'தகாத அனுமதி எவரிடமும் இல்லை, இனிமேல் போகவும் வாய்ப்பில்லை' என்று இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் கிளையிடம் சான்று வாங்குகிறீர்கள். ஓர் அனுமதி என்றைக்காவது தகாத கைக்குப் போய்ச் சேருமா என்பதை எல்லா அமைப்புக்கும் பொருந்தும்படி கண்டுசொல்லும் வழிமுறை இருக்கவே முடியாது என்று ஹாரிசன், ருஸ்ஸோ, உல்மன் மூவரும் 1976-லேயே நிறுவிவிட்டார்கள். கணிதத்துக்கு எட்டாததை நான் ஆண்டுதோறும் நீல மையில் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி அனுப்பிவருகிறேன்.

இம்முறை ஹெல்ப் டெஸ்க்கில், கோரிக்கையை முறைப்படி மேக்கர் போட்டு, செக்கர் ஒப்புதல் கொடுத்தால் பழைய ஐடி நீங்கிவிடும் என்றார்கள். கணவர் இனிஷியலில் போட்டேன். அப்பா இனிஷியலில் போய் 'ஒப்புதல்' அழுத்தினேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கம்ப்யூட்டர் என்னைத் தடுத்தது: 'தங்கள் சொந்த ஐடி தொடர்பான கோரிக்கைக்குத் தாங்களே ஒப்புதல் அளிக்க இயலாது.'

தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
(தயாரித்தவர்) கணவர் இனிஷியல்
(சரிபார்த்தவர்) அப்பா இனிஷியல்