மூளைக் கேக்குக்கு ஆச்சி சொன்ன பக்குவம்

ஏல, ஒன் மேனேஜர் பொறந்தநாளுக்கு மூளை கேக்கு செய்யப் போறியாமே? ஒங்கம்மா போன்ல சொல்லிச் சிரிக்கா. நல்ல காரியம். அந்த மனுசனுக்கு இந்த வருசமாவது ஒண்ணு கெடைக்கட்டும்.

ஆனா மூளைன்னா எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியுமால? தின்னுருக்கே, பாத்ததில்ல. மஞ்சத்தண்ணியில ஒரு கொதி விட்டு, மேல ஒட்டியிருக்க சவ்வை உரிச்சு, உள்ளியும் மிளகும் போட்டு வதக்கித் தட்டுல வச்சா, "ஆச்சி, இன்னுங் கொஞ்சம்"னு கேட்டவன் நீ. ரத்தப் பொரியல்ல தேங்காப்பூ பத்தலன்னு சண்டை போட்டவனும் நீதான். இப்போ சீனியில மூளை செஞ்சு ஆபீஸைப் பயங்காட்டப் போறே! நடக்கட்டும்.

மேல ஒட்டுத சீனி மாவு இருக்கே, ஃபாண்டன்ட்டு, அதை இளஞ்செவப்பாப் பெசஞ்சு, பென்சில் கனத்துக்கு உருட்டி, நடுவுல ஒரு பள்ளம் விட்டு, ரெண்டு பக்கமும் கோணல்மாணலா நெளிச்சு ஒட்டு. ஒழுங்கா வட்டம் போட்டியோ, ஜாங்கிரி ஆயிரும். ஜாங்கிரியைப் பாத்து எவம்ல அலறுவான்? பெறவு பழ ஜாமைத் தண்ணி விட்டு எளக்கி, வடிகட்டித் தடவு. பாக்க ஈரமா மினுங்கும்.

வெட்டுனா உள்ளயும் செவப்பா இருக்கணும்னு ரெட் வெல்வெட்டு கேக்கு சுடப் போறியாம். முன்னால கொக்கோவும் மோரும் சேந்து லேசாச் செவக்குமாம். இப்போ அம்புட்டும் சாயம். அதுல பாத்து நடந்துக்கோ. 2024-ல பஞ்சுமிட்டாயைக் கவர்மெண்டே தடை பண்ணுச்சே, ரோடமைன்-பி-ன்னு துணிக்குப் போடுத சாயம் அதுல கெடந்துச்சுன்னு! பேரில்லாத பொட்டலத்துப் பொடியை வாங்கிக் கொட்டிராத. பீட்ரூட்டு போதும்னும் நெனைக்காத, சூட்டுல பழுப்படிச்சிரும்.

ஒன் பக்கத்து சீட்டுப் பொண்ணு சைவமாமே. அந்தச் சீனி மாவுல செல கம்பெனிக்காரன் ஜெலட்டின் போடுதான். மாட்டெலும்பு, பன்னித்தோலுல எடுக்கது அது. பொய் மூளைக்குள்ள நெச எலும்பு! டப்பாவுல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாத்து வாங்கு.

ஃபிரிட்ஜுல இருந்து எடுத்து மெட்ராஸ் புழுக்கத்துல வச்சா அந்தச் சீனித்தோலு வேர்த்து வடியும். கல்யாணக் கேக்குன்னா மானம் போயிரும். மூளைக்கு அதுவே அழகு. நீ மூளைக் கேக்கைத் தேர்ந்தெடுத்ததுல எனக்குப் புடிச்ச ஒரே புத்தி அதுதான்.

அமெரிக்காவுல இன்னும் ஒருபடி மேல போயிட்டாவ. பூனை வெளிக்கிருக்க தட்டுல பிஸ்கோத்துத் தூளை மண்ணாட்டம் பரப்பி, சாக்லேட்டு மிட்டாயைச் சூடு காட்டி உருட்டி அங்கங்க போட்டு, அள்ளுத கரண்டியாலயே பரிமாறுதாவளாம். தட்டு புதுசுதான்னு எவன் சத்தியம் பண்ணுவான்? அந்தப் பக்கமே போயிராத.

எல்லாத்தையும் விட, ஆளைப் பாத்துச் செய்யணும். அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்திருக்க புள்ளைக்கு முன்னால ரத்தஞ் சொட்டுத கேக்கை நீட்டாத. அவளுக்கு வெறுங் கேக்கு, ரெண்டு பூ போதும். மேனேஜருக்குத் தாராளமாக் குடு. ஆனா கத்தியைக் கையில வச்சுக்கிட்டு, அவரு மூளை பக்கத்துல பல்லைக் காட்டிப் போட்டாவுக்கு நிக்காதல, அப்ரைசல் வருதுன்னு நீதான் சொன்னே.

சரி, ஒனக்கு ஐப்பசியில பொறந்தநாளு. ஒன் ஆபீஸ்காரவ பழி வாங்காம விட மாட்டாவ. என்ன உறுப்பை வெட்டப் போறாவளோ! முந்துன நாளே லீவைப் போட்டுட்டு ஊருக்கு பஸ் ஏறிரு.