கால் சதவீதமும் ஒரு கலண்டரும்

போன வாரம் சேமிப்புப் புத்தகத்தைப் பதியக் கொடுத்தேன். ஒரு வரியில் வட்டி வந்திருந்தது. அதற்கு நேர் கீழே அந்த வட்டிக்கு நூற்றுக்கு 10 வரி. அதற்கும் கீழே எஸ்.எம்.எஸ். கட்டணம். என்ன எஸ்.எம்.எஸ். என்று பார்த்தால், வட்டி வந்திருக்கிறது என்று சொன்ன எஸ்.எம்.எஸ்.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். கல்யாண வீட்டில் பிரியாணிக்குக் காத்திருக்கும்போது, செத்த வீட்டில் பிளாஸ்டிக் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவான குரலில்: “உங்கட பேங்க்ல இப்ப எவ்வளவு போடுறாங்க?” மடவளை பஸாரில் ஒரு நடை நடந்தால் ஐந்து பேர் ஐந்து வீதம் சொல்வார்கள். அத்தனையும் கேட்டு அலசிவிட்டேன். எந்த வங்கியில் போடுவது புத்தி என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. 50,000 ரூபாய்க்கு 3 சதவீதம் தரும் வங்கியை விட்டு 3.25 தரும் வங்கிக்குப் போனால், வருடத்துக்கு 125 ரூபாய் கூட வரும். வரி போக 112 ரூபாய் 50 சதம். அதில் சந்திக் கடையில் ஒரு ரோல் சாப்பிடலாம்; பிளேன்டிக்குக் கையிலிருந்து போட வேண்டும். கணக்கு மாற்றக் கண்டிக்குப் போய் வரும் பஸ் காசை இதில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் ரோலும் கிடையாது.

வங்கி வாசலில் தொங்கும் பெனரில் பெரிய எழுத்தில் ஒரு வீதம் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தைத் தேடிப் பெனரின் அடிக்குக் குனிந்தால், 10 இலட்சத்துக்கு மேல் வைத்திருப்பவருக்கு மட்டும் என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். என்னைப் போன்றவர்களுக்கான வீதம் பெனரில் வராது. பாதுகாப்பையும் பார்க்க வேண்டும் என்பார்கள். பார்த்தேன். ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. அந்த எல்லையால் எனக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் வந்ததில்லை.

ஆகவே வீதத்தை விட்டுவிட்டு, ஒழுங்காக ஒப்பிடக்கூடிய ஒரே விஷயத்துக்கு வருகிறேன். கலண்டர்.

சிரிக்காதீர்கள். வட்டி வீதத்தை வங்கி நினைத்த நாளில் மாற்றும். ஜனவரியில் தந்த கலண்டரை டிசம்பர் 31 வரை எந்த மெனேஜராலும் மாற்ற முடியாது. அதற்கு வரி பிடிப்பதில்லை. மத்திய வங்கி கூட்டம் கூடி வெசாக் போயாவைக் கால் நாள் குறைத்ததாகச் சரித்திரம் இல்லை. நிலையான வைப்பு என்றால் இதுவல்லவா நிலையான வைப்பு?

கலண்டரிலும் தரம் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. இரவு வெளிச்சத்தில் தலதா மாளிகை, பனிக்குள் தேயிலைத் தோட்டம், குளத்தில் யானை. எல்லா வங்கிக்கும் ஒரே யானைதான். பார்க்க வேண்டியது கட்டம். தேதிக்குக் கீழே வெள்ளை இடம் எவ்வளவு? கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், பால்காரருக்கு நின்ற பாக்கி, கிளினிக் திகதி, சீட்டு விழும் மாதம், எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான் போக வேண்டும். இரண்டு மாதத்தை ஒரே தாளில் நெருக்கி அடிக்கும் வங்கியை நம்பி நான் ஒரு சதமும் வைக்க மாட்டேன். காகிதத்தில் இவ்வளவு கஞ்சம் பிடிப்பவர் வட்டியில் என்ன தாராளம் காட்டப் போகிறார்? அடுத்தது, மேலே ஆணியில் மாட்டும் தகர விளிம்பு. அது மார்ச்சில் கழன்றால் வங்கி ஜூனில் சிக்கல்படும் என்பது என் சொந்த ஆய்வு. போயா நாளின் மஞ்சள், அரச விடுமுறையின் சிவப்பு, தமிழில் மாதப் பெயர் போட்டிருக்கிறார்களா, இல்லை மூலையில் ஒட்டவைத்திருக்கிறார்களா, இதற்கெல்லாம் நான் புள்ளி போடுவதுண்டு. கொப்பி திருத்திய கை, சும்மா இருக்காது.

ஆனால் கலண்டரிலும் நட்சத்திரம் உண்டு. டிசம்பர் கடைசியில் போய், வேறு வேலையாக வந்தவன் மாதிரி கவுண்டரில் நின்று, “பிள்ளை, கலண்டர் வந்துட்டா?” என்றேன். பிள்ளை புன்னகையோடு மேசைக்கு அடியில் கையை விட்டது. கண் மட்டும் ஒரு தரம் திரையில் என் மீதியைப் பார்த்தது. கை அங்கேயே நின்றது. பிறகு இடது பக்கமாக நகர்ந்து, பர்சுக்குள் வைக்கும் அட்டைக் கலண்டர் ஒன்றோடு மேலே வந்தது. எனக்குப் பின்னால் நின்ற ஹார்ட்வெயார் முதலாளிக்குச் சுருட்டிய குழாயாக இரண்டு. வட்டி வீதப் பட்டியல் சொல்லாததையெல்லாம் அந்த ஒரு கை சொல்லிவிட்டது.

சரி, வீதம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வீதங்களை ஒரே மூச்சில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கடன் எடுத்தவர்களின் வீட்டுக்கு அந்தச் செய்தி ஓடிப் போய்ச் சேர்ந்தது. என் சேமிப்புக் கணக்குக்கு அது நொண்டி நொண்டி வந்தது. 2023 ஜூனில் இரண்டரைப் புள்ளி குறைத்தார்களே, அது மட்டும் அன்று பின்னேரமே என் கணக்குக்குக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு இறக்கம்தான். 2025 மே மாதம் கொள்கை வீதம் 7.75. இடையில் பிக்ஸ்ட் போட்டவர்கள் 20க்கு மேல் வாங்கினார்கள் என்று இன்றைக்கும் மீசை முறுக்குகிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 20 வாங்கி 70 இழந்ததற்கு என்ன மீசை? முப்பது வருஷம் சோக்குத் தூளைச் சுவாசித்துச் சேர்த்த காசு, வங்கியில் பத்திரமாக, ஒரு சதம் குறையாமல் இருந்தது. அதைக் கொண்டு வாங்கக்கூடிய சாமான்தான் குறைந்துவிட்டது. அதற்கு யாரும் எஸ்.எம்.எஸ். அனுப்பவில்லை.

பக்கத்துக் கடை நானாவுக்கு இந்த வட்டிக் கவலையே இல்லை என்று கொஞ்சம் பொறாமையோடு இருந்தேன். அவர் காசு இஸ்லாமிய வங்கியில். வட்டி தொட மாட்டார், இலாபப் பங்குதான். ஒரு நாள் அவரே ஆரம்பித்தார். “மாஸ்டர், ஒங்களுக்கு வட்டி எறங்கிட்டாமே?”

“ஓம் நானா. உங்களுக்கு?”

“எங்களுக்கு லாபம் எறங்கிட்டு.”

இருவரும் சேர்ந்து ஒரு பிளேன்டி குடித்தோம். காசு அவர் கொடுத்தார்.

வீட்டில் மனைவிக்கு இந்த ஆராய்ச்சியில் மரியாதை கிடையாது. அவள் சீட்டுக் கட்டுகிறாள். பன்னிரண்டு பெண்கள், மாதம் ஒருவருக்கு. வட்டி இல்லை, வரி இல்லை, டோக்கன் எடுத்துக் குந்தியிருக்கத் தேவையில்லை, பிந்தினால் நேரே வீட்டுக்கு வந்து கேட்பார்கள். “உங்களுக்குத்தான் அறுபது தாண்டிட்டே, அரசாங்கம் கூட 3 வீதம் குடுக்குதாமே, அதைப் போய்ப் பாருங்க” என்றாள். உண்மைதான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் முதியோரின் ஒரு வருட நிலையான வைப்புக்கு, 10 இலட்சம் வரை, சந்தை வீதத்துக்கு மேல் 3 சதவீதம் என்று வந்திருக்கிறது. இதற்கு முன்பு 15 சதவீதத் திட்டம் ஒன்று இருந்ததும், அதை 2022இல் நிறுத்தியதும் நினைவிருப்பதால், நான் கொஞ்சம் மெதுவாகத்தான் சந்தோஷப்படுகிறேன்.

எந்த வங்கி என்று சொல்வதாகச் சொன்னேன். பெயர் வாய் நுனியில் நிற்கிறது. ஆனால் இதை அச்சுக்குக் கொடுத்து அது உங்கள் கைக்கு வருவதற்குள் வீதம் மாறியிருக்கும். பிறகு மடவளைச் சந்தியில் என்னை மறித்து, “மாஸ்டர், நீங்க சொல்லித்தானே போட்டோம்” என்பீர்கள். அந்த 112 ரூபாய் 50 சதத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. டிசம்பரில் வாருங்கள், பெரிய கட்டம் யாருடையது என்று காட்டுகிறேன்.