டெராபைட் அத்தான்

அட்டைப்பெட்டியில் 4 டிபி என்று போட்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் சொருகினால், திரை 3.63 டிபி என்றுதான் காட்டும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கவனிப்பவர்கள் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பார்கள். டெராபைட் அத்தானுக்கோ இந்தக் குறை ஒரு வரப்பிரசாதம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருக்கும்போது ஆரம்பிப்பார்: “டிஸ்க் செய்யறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான். விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. மத்தபடி ஒரு பைட்கூடக் குறையலை.” இலைக்காரர் ஏதோ குறையவில்லை என்ற வரைக்கும் புரிந்துகொண்டு இன்னொரு அப்பளம் கேட்பார்.

ஊர் நெல்லைப் பக்கம், இருப்பு அம்பத்தூர். மச்சினன்மார் கூப்பிடுவதால் அத்தான். மற்றக் குடும்பங்களில் இவரே சித்தப்பாவாகவோ பெரியண்ணனாகவோ ‘ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார்’ ஆகவோ இருப்பார். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பென்டிரைவ் இருக்கும். யாராவது ஒரு பழைய படத்தின் பெயரைச் சொன்னால், கதையைப் பற்றி ஒன்றும் பேசாமல் “என்கிட்ட 1080 பிரிண்ட் இருக்கு” என்பார்.

இந்த இனம் கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. ரெக்கார்டிங் சென்டர் காலத்தில், துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும் கணக்காக நிரப்பி வாங்கிவந்தவர் இவருடைய அண்ணன். கல்யாண ராத்திரிக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போட்டு, முதல் படத்திலேயே ஊர் தூங்கிப்போன பிறகும் கேசட் மாற்றிக்கொண்டிருந்தவர் தாய்மாமா. விசிடி வந்தபோது இடைவேளை எங்கே வந்தாலும் முதல் தட்டு தீரும் இடத்தில்தான் காபி என்ற புதிய நியதியைக் கொண்டுவந்தது இந்த அத்தானே. பிறகு நூற்றுச் சொச்சம் பாட்டு அடங்கிய எம்பி3 சிடி, பிறகு பர்மா பஜார், பிறகு ரிச்சி தெரு. சாதனம் மாறியதே தவிர பதவி மாறவில்லை. வேண்டுமென்றால் இவரிடம்தான் கேட்க வேண்டும்.

சேகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நாகரிகமல்ல. நம் பதிப்புரிமைச் சட்டம் ஒரு திரைப்படத்துக்கு அது வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் காப்புத் தருகிறது. ஆகவே 1952இன் ‘பராசக்தி’யை அத்தான் நெஞ்சை நிமிர்த்தியே வைத்துக்கொள்ளலாம். 2022இன் ‘விக்ரம்’ பற்றிப் பேச்செடுத்தால், “அது ஒரு ஃப்ரெண்ட் கொடுத்தது” என்பார். அந்த ஃப்ரெண்டுக்கும் ஒரு ஃப்ரெண்ட் உண்டு.

ஒருநாள் பழைய டிஸ்க் ஒன்று டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அப்போதுதான் மாடியில் இருக்கும் மச்சினன் அந்த யோசனையைச் சொன்னான்: “எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டு, மேலயும் கீழயும் அவங்கவங்க டிவியில பார்க்கிற மாதிரி வச்சிட்டா என்ன, அத்தான்?” இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி வந்தது. 8 டிபி டிஸ்க் இரண்டு வந்தன. ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் அப்படியே எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் என்ற மூவர் 1988இல் எழுதிய கட்டுரைதான் இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்ற பெயரைக் கொடுத்தது. விலை மலிந்த டிஸ்க்குகளை அணிசேர்ப்பது என்பதே அன்றைய அர்த்தம். அத்தான் கொண்டுவந்த ரசீதில் அந்த மலிவு தென்படவில்லை.

“ரெண்டு வாங்கிட்டு ஒண்ணுக்குத்தான் இடமா?” என்றார் அத்தானின் மனைவியான அக்கா.

“ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்ல.”

“நீங்க கை தவறி அழிச்சிட்டா?”

“ரெண்டுலயும் அழிஞ்சிடும்.”

சர்வர் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் அலுக்காமல் சொல்லும் பாடம், ரெய்டு வேறு, பேக்கப் வேறு என்பது. அக்கா ஒரு கேள்வியில் அங்கே வந்து நின்றுவிட்டார். மறுவாரம் மூன்றாவது டிஸ்க் வந்தது.

இனி பெட்டியிலிருக்கும் படங்களை டிவியில் காட்ட எந்த மென்பொருள் என்ற கேள்வி. மச்சினன் பிளெக்ஸ் என்றான். அத்தான் ஜெல்லிஃபின் பக்கம் சாய்ந்தார். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதிலிருந்து பிரிந்தவர்கள் 2018 டிசம்பரில் தொடங்கியது ஜெல்லிஃபின், காசு கிடையாது. பிளெக்ஸ் தன் ஆயுள் சந்தாவை 2025இல் 120 டாலரிலிருந்து 250 டாலராக ஏற்றியதும் வழக்கு தானாகவே முடிந்தது.

அத்தானின் மெய்யான சந்தோஷம் காப்பி எடுக்கும்போதுதான் ஆரம்பமானது. படம் பார்க்கும்போதுகூட அவர் முகத்தில் அந்தக் களை வராது. பழைய டிஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. உள்ளே ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘புதுசு கடைசி’, ‘பார்க்கணும்’, ‘பார்க்கணும் முக்கியம்’, ‘டோன்ட் டெலிட்’ என்று ஃபோல்டர்கள். ‘புதுசு’வில் இருந்த படங்களின் கதாநாயகிகள் இப்போது அம்மா வேடத்தில் நடிக்கிறார்கள். மொத்தம் 6 டிபி. கிகாபிட் லைனில் பதினைந்து மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்குத் திரை ஆறு நாள் கேட்டது. காரணம் சுவருக்குள் இருந்தது. நெட்வொர்க் கேபிளில் எட்டுக் கம்பிகள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு நான்கே போதும். எலெக்ட்ரீஷியன் நான்கை மட்டும் இணைத்துவிட்டு, “நெட் வருதுல்ல சார்?” என்று காசு வாங்கிப் போயிருந்தார். வந்ததென்னவோ உண்மைதான்.

கேபிளைச் சரிசெய்த பிறகும் வேறு தடைகள். இரண்டு டிஸ்க்குகளுக்கு நடுவே கைமாற்றும் பழைய பென்டிரைவ் ஃபேட் 32 வகை. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை அது ஏற்றுக்கொள்ளாது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ‘டோன்ட் டெலிட்’ போட்டுப் போட்டு, விண்டோஸ் வழக்கமாக அனுமதிக்கும் 260 எழுத்துகளைப் பாதை தாண்டிவிட்டதால் சில படங்கள் நகர மறுத்தன. அத்தான் இந்த நாட்களில் மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் இருக்கும் பாட்டி போல, காப்பி எவ்வளவு ஆனது என்று காட்டும் பச்சைக் கோட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மிக்சி போடுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ‘மீதி 3 நாள்’ என்ற திரை திடீரென்று ‘மீதி 40 நிமிடம்’ என்று சொல்லும். உடனே வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவர்கள் வந்து சேர்வதற்குள் அது இரண்டு நாளாகியிருக்கும்.

காப்பி முடிந்து பெயர் சூட்டும் படலம் வந்தது. இந்த மென்பொருள்கள் ஃபைலின் பெயரைப் படித்து, இணையத்திலிருக்கும் திரைப்பட அட்டவணையில் தேடி, போஸ்டரையும் நடிகர் பட்டியலையும் தாங்களே ஒட்டிக்கொள்ளும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆண்டைப் போட்டுவிட்டால் குழப்பம் குறையும். அத்தான் ஆண்டு போட்டதில்லை. விளைவாக, மாமியார் ‘படிக்காதவன்’ போடச் சொன்னபோது, 1985இல் ரஜினி ஓட்டிய டாக்சிக்குப் பதில் 2009இன் தனுஷ் போஸ்டரில் சிரித்தார். அன்று மருமகனாக இருந்த ஒருவர் தன் மாமனார் படங்களின் தலைப்பையே அடுத்தடுத்து எடுத்துக்கொண்டால் சர்வர் என்ன செய்யும்? ‘பொல்லாதவன்’ 1980, 2007. ‘தங்க மகன்’ 1983, 2015. ‘மாப்பிள்ளை’ 1989, 2011.

“மாப்பிள்ளை, நான் கேட்டது அந்த மாப்பிள்ளை இல்ல” என்றார் மாமியார், மாடிப்படியில் நின்றபடி.

“தெரியுது அத்தை, வருஷம் போட்டுட்டு இருக்கேன்.”

கமலோ இன்னும் ஒரு படி மேலே. 1986இலும் விக்ரம், 2022இலும் விக்ரம், இரண்டிலும் அவரே. முகத்தைப் பார்த்துக்கூடச் சர்வர் சுதாரித்துக்கொள்ள வழியில்லை.

பாட்டு ஃபோல்டரில் நடந்தது இதைவிட மோசம். மேல்நாட்டில் ஒரு ஆல்பத்துக்குப் பெரும்பாலும் ஒரு பாடகரோ ஒரு குழுவோதான்; மென்பொருளும் அந்த வழக்கத்தில் வளர்ந்தது. 1992இன் ‘ரோஜா’ அதன் கையில் சிதறியது. மின்மினிக்கு ஒரு ஆல்பம், ஹரிஹரனுக்கு ஒன்று, உன்னி மேனனுக்கும் சுஜாதாவுக்கும் சேர்த்து ஒன்று, எஸ்.பி.பி. பாடியதற்கு ஒன்று. எல்லாமே ரோஜா, எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. தமிழ்நாட்டில் பாட்டைத் தேடுபவர் இசையமைப்பாளர் பெயரில்தானே தேடுவார்? ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தில் ரகுமான் பெயரை நிரப்பினால் ரோஜா ஒன்றுகூடும். ‘அன்னக்கிளி’ தொடங்கி இளையராஜா வரிசைக்கு இதைச் செய்ய ஆரம்பித்த அத்தான் இன்னும் எண்பதுகளைத் தாண்டவில்லை. அந்தப் பத்தாண்டை விரைவாகத் தாண்டியவர் யார்?

சொந்த வீடியோக்களுக்கு இணையத்தில் ஏது அட்டவணை? காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என எல்லாம் தனித் தொகுப்பில் போக வேண்டியவை. கை தவறிப் படங்களுக்குள் விழுந்தது அத்தானின் கல்யாண டிவிடி. ஃபோல்டரின் பெயர் ‘திருமணம்’. சர்வர் தேடிப் பார்த்து, சேரன் 2019இல் எடுத்த படத்தின் போஸ்டரை அதன் மேல் ஒட்டியது: ‘திருமணம் - சில திருத்தங்களுடன்’.

அக்கா அதை மாற்ற விடவில்லை. “முதல் தடவையா இந்தப் பெட்டி ஒரு உண்மையச் சொல்லியிருக்கு, அப்படியே இருக்கட்டும்” என்றார்.

கரண்ட் பில் விவகாரத்தையும் அவரே எழுப்பினார். பெட்டி ஓயாமல் இழுப்பது சுமார் 25 வாட். இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். அப்போது அரசு இலவசமாகத் தந்த 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே, யாரும் பார்க்காத ராத்திரிகளிலும் சேர்த்து அது தின்றது. அத்தான் இதற்கு 1956இல் ஐபிஎம் செய்த முதல் ஹார்ட் டிஸ்க்கை உதாரணம் காட்டினார்: எடை ஒரு டன்னுக்கு மேல், கொள்ளளவு 5 எம்பிதான், கரண்ட் எவ்வளவு குடித்திருக்கும்? அக்கா அந்த ஐபிஎம் பில்லைத் தாம் கட்டவில்லை என்றார்.

ஒருவழியாகச் சர்வர் திறப்புவிழா கண்டது. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு ரகசிய எண். மாடி டிவியில் முதல் நாள் சத்தம் வரவில்லை. டிடிஎஸ் ஒலியை அந்த டிவி ஏற்காது. பெங்களூரில் இருக்கும் மகளுக்குச் சர்வரே எட்டவில்லை. வீட்டு இணைப்புக்கென்று தனிப் பொது முகவரியை இணைய நிறுவனம் தருவதில்லை. இரண்டையும் தீர்த்த கதையை அத்தான் ஒரு மணி நேரம் சொல்வார், இங்கே விட்டுவிடலாம்.

யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதை நிர்வாகிக்குக் காட்ட ஒரு திரை உண்டு. அத்தான் ஆவலோடு திறந்தார். மச்சினனின் பையன் ஒரே கார்ட்டூனைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். மாமியார் காதுகுத்து வீடியோவில் பந்தி வரும் இடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்து, யார் யார் வரவில்லை என்று சரிபார்க்கிறார். அக்கா பாட்டு கேட்கிறார். 207 நிமிடம் ஓடும் குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ பக்கம் ஒருவரும் போகவில்லை. அத்தானின் கணக்கில் நூற்றுக்கணக்கான படங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். போஸ்டர் சரியா, சத்தம் உதட்டோடு பொருந்துகிறதா, சப்டைட்டில் வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார்.

எதிர்பாராத இழப்பு ஒன்றும் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் மாடியிலிருந்து பென்டிரைவோடு இறங்கி வந்து, “அத்தான், ஏதாவது நல்ல படமா இருக்கா?” என்று கேட்கும் மச்சினன் இப்போது வருவதில்லை. ரிமோட்டை அழுத்தினால் போதுமே. அத்தான் சில நாள் பொறுத்தார். பிறகு ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு ‘மெயின்டனன்ஸ்’ என்று அறிவித்தார். ரகசிய எண்களை மாற்றினார். ‘புதுசு’ ஃபோல்டரை இடம் மாற்றி வைத்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புகார்கள் வரத் தொடங்கியதும் அவருக்குப் பசி எடுத்தது.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்தார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், மகள் வீட்டுக்குக் கோவை போகிறார்.

“உங்க மச்சினர் சொன்னார் சார். நாலஞ்சு பழைய சிவாஜி படம் இந்தப் பென்டிரைவ்ல போட்டுத் தர முடியுமா?”

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஃபேட் 32ஆ, எக்ஸ்ஃபேட்டா?”

“சிவப்பு கலர் சார்.”

“உட்காருங்க சார், அவசரமில்லையே?” என்ற அத்தான், அடுக்களைப் பக்கம் திரும்பி இரண்டு காபி சொன்னார். “முதல்ல இதுல 32 ஜிபின்னு போட்டிருக்கே, உள்ள எவ்வளவு காட்டும்னு நினைக்கிறீங்க?”